புதுப் பூஞ்சணமா, ஏற்கெனவே பெயர் வைத்ததா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், மாணவர்கள், கடலை போட்டவர்கள், பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் என்று யாராவது ஒருவர் பூஞ்சணம் பூத்த எதையாவது பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: இது இதுவரை யாரும் பார்க்காத இனமாக இருக்குமா? அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளையும் சேர்த்து, நான் சொல்லி வரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பூஞ்சணம் என்பது ஒரே இனமா?

இல்லை. பூஞ்சணம், பூசணம் என்று நாம் சொல்வது தோற்றத்தை வைத்துத்தான். இழை இழையாகப் படர்ந்து, மேலே பஞ்சு மாதிரியோ பொடி மாதிரியோ தெரிகிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். ரொட்டியில் ஏறி, நுனியில் கருப்பாகக் குண்டூசித் தலை வைத்திருக்கும் ரைசோபஸும் பூஞ்சணம், எலுமிச்சையில் பச்சையாகப் பொடி தட்டும் பெனிசிலியமும் பூஞ்சணம். ஆனால் முதலாவது மியூக்கரோமைக்கோட்டா என்ற பிரிவு, இரண்டாவது ஆஸ்கோமைக்கோட்டா. பெரும்பிரிவிலேயே வேறு வேறு. பக்கத்து வீட்டில் குடியிருப்பதால் இருவரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள் அல்லவா, அப்படித்தான்.

நம் ஊரில் போய் புது இனம் கிடைக்குமா?

கண்டிப்பாகக் கிடைக்கும். உலகத்தில் இதுவரை பெயர் வைத்த பூஞ்சைகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். இருக்கக்கூடியவை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை என்று 2017 இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அதாவது பத்தில் ஒன்றுக்குக்கூட இன்னும் பெயர் இல்லை. அந்தப் பெயரில்லாதவை எல்லாம் அமேசான் காட்டில்தான் இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வத்தல்மலை காப்பித் தோட்டத்துச் சருகு, பெண்ணாகரம் பக்கத்துப் புளியமரப் பட்டை, தேன்கனிக்கோட்டை மூங்கில், ஆட்டுப்பட்டி எரு, பட்டுப்புழு மனையில் கழித்துக் கொட்டும் தழைக் கழிவு என்று எல்லாமே தேட வேண்டிய இடங்கள்தான்.

ஆனால் புது இனம் எங்கேயோ இருக்கிறது என்பது வேறு, உங்கள் தட்டில் இருப்பதுதான் அது என்பது வேறு. என்னிடம் வருகிற பொட்டலங்களில் கருப்பாகப் பூக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் கூட்டமும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸும், ரைசோபஸும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. காற்றில் எப்போதும் மிதக்கிறவை அவைதான், முதலில் வந்து உட்காருகிறவையும் அவைதான்.

எங்கள் வயல் கடலையில் மஞ்சள் பச்சையாகப் பூத்திருக்கிறது. இந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லை. புதியதுதானே?

அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இதே கேள்வியோடு வந்தார். "என்னம்மா, போன வருசம் கருப்பாத்தான் பூத்துச்சு, இந்த வருசம் பச்சை. புது ரகமா?" என்றார். ஒரு துண்டு செலோ டேப்பை எடுத்து, ஒட்டும் பக்கத்தை அந்தக் கடலைமேல் சும்மா தொட்டு எடுத்து, லாக்டோபீனால் காட்டன் ப்ளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு விட்ட ஸ்லைடில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன்.

தெரிவது இதுதான். நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. அதன் தலையில் பலூன் போல வீங்கிய ஓர் உருண்டை. அந்த உருண்டையைச் சுற்றிக் குப்பி வடிவத்தில் சின்னச் சின்னச் செல்கள் நெருக்கமாகக் குத்தி நிற்கும், அவற்றுக்கு ஃபியலைடு என்று பெயர். ஒவ்வொரு குப்பியின் வாயிலிருந்தும் மணி கோத்த மாதிரி வித்துகள் (பூஞ்சை பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்கள்) சங்கிலியாக வரும். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரானுக்கு முன்பின் என்றால், அந்த வித்து ஒன்று 3 முதல் 6 மைக்ரான்தான். ஃபோகஸை மெல்லத் திருப்பித் தண்டின் ஓரத்தைப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும், நைஜரில் அது வழவழவென்று இருக்கும். சொரசொரப்புத் தண்டு, மஞ்சள் பச்சை வித்து, தலையில் சில இடத்தில் ஒரு அடுக்குக் குப்பி, சில இடத்தில் இரண்டு அடுக்கு. அது ஃபிளேவஸ். புதியது இல்லை, ஆனால் விட்டுவிடக்கூடிய ஒன்றும் இல்லை. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அதை ஆராய்ந்து கண்டுபிடித்த நஞ்சுக்கு இந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே எழுத்தெடுத்து அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அந்த மூட்டையை மாட்டுக்குக்கூட வைக்க வேண்டாம் என்று அந்தப் பெரியவரிடம் சொல்லி அனுப்பினேன்.

நிறம் மாறுவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே பூஞ்சை இளசில் ஒரு நிறம், முற்றினால் ஒரு நிறம்.

அப்படியானால் மைக்ராஸ்கோப் இருந்தால் போதுமா?

பேரினம், அதாவது ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற முதல் பெயர் வரை வந்துவிடலாம். தலையில் உருண்டை இருந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ், துடைப்பம் மாதிரிக் கிளை பிரிந்தால் பெனிசிலியம், பிறை வடிவ வித்து நடுவில் தடுப்புகளோடு இருந்தால் ஃபியூசேரியம். இப்படிப் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் ரொம்பப் பழையது. இத்தாலியில் மிச்சேலி என்பவர் முலாம்பழத் துண்டுகளில் பூஞ்சணத்தை விதைத்து வளர்த்துப் பார்த்தார். 1729 இல் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பெயரை வைத்ததும் அவர்தான், தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கிற கருவி போல அதன் தலை இருந்ததால். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. வி. சுப்பிரமணியன் இந்த வேலையை உலகத் தரத்துக்குக் கொண்டுபோனார். வித்து எப்படி இருக்கிறது என்பதோடு நிற்காமல், அது தாய்ச் செல்லிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்பதை வைத்து வகைப்படுத்த வேண்டும் என்று 1962 இலேயே ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். இன்றைக்கும் ஒரு மாணவனைத் தயார்செய்ய அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்: இந்த வித்து எப்படிப் பிறந்தது?

சிற்றினம், அதாவது நைஜர் போன்ற இரண்டாம் பெயர் என்று வரும்போதுதான் மைக்ராஸ்கோப் கைவிரிக்கிறது. நைஜர் என்று நாம் சொல்லும் கருப்புப் பூஞ்சணத்தையும் டியூபின்ஜென்சிஸ் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணால் பிரிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

தட்டில் வளர்த்துப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இங்கேதான் நம் பக்கத்து ஆய்வகங்களில் நிறையத் தப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிடிஏ என்கிற உருளைக்கிழங்கு ஊடகம், அதாவது பூஞ்சைக்கு உணவாகும் கூழ், எல்லோரும் போடுகிறோம். ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகர், 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். பூஞ்சையைப் பிரித்தெடுக்க அது நல்ல ஊடகம். ஆனால் இனத்தை ஒப்பிட அது போதாது, ஏனென்றால் உலகம் முழுக்க ஆஸ்பெர்ஜில்லஸுக்கும் பெனிசிலியத்துக்கும் எழுதப்பட்ட வர்ணனைகள் சிஒய்ஏ, எம்இஏ என்ற வேறு இரண்டு ஊடகங்களில், 25 டிகிரியில், இருட்டில், 7 நாள் வளர்த்த காலனியை (ஒரே புள்ளியிலிருந்து படர்ந்த வட்டத்தை) வைத்து எழுதப்பட்டவை. ஒரு தட்டில் மூன்று இடத்தில் பூஞ்சையைப் புள்ளியாக வைத்து, ஏழாம் நாள் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். மேல்பக்கத்து நிறம், தட்டைக் கவிழ்த்தால் தெரியும் அடிப்பக்கத்து நிறம், அகருக்குள் சாயம் இறங்கியிருக்கிறதா, மேலே சொட்டுச் சொட்டாக நீர் கோத்திருக்கிறதா, எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

25 டிகிரி என்றால் 25 டிகிரிதான். 'அறை வெப்பநிலை' என்று ரெக்கார்டில் எழுதுகிறார்கள், சித்திரை மாதத்து தர்மபுரி அறையும் மார்கழி மாதத்து ஓசூர் அறையும் ஒன்றா? ஒரே பூஞ்சை ஓசூரில் சிறிதாகவும் இங்கே பெரிதாகவும் வளரும், அதைப் பார்த்து இரண்டு இனம் என்று எழுதினால் எப்படி? அதே மாதிரி தண்ணீர். நம் மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தத் தண்ணீரில் ஊடகம் காய்ச்சாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் காய்ச்சி, துத்தநாக சல்பேட்டும் காப்பர் சல்பேட்டும் துளி அளவில் சேர்க்கச் சொல்லிச் செய்முறையிலேயே இருக்கும். சிலர் அதை 'இவ்வளவு கொஞ்சத்தால் என்ன ஆகப்போகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் துளி தாமிரம் இல்லாவிட்டால் பெனிசிலியத்தின் பச்சை நிறமே சரியாக வராது. தட்டின் விளிம்பில் பாராஃபிலிம் என்ற மெழுகு நாடா சுற்றி இறுக்கி வைப்பதும் தப்பு, காற்றோட்டம் குறைந்தால் வளர்ச்சியும் நிறமும் மாறும்.

டிஎன்ஏ அனுப்பினேன். பிளாஸ்ட் தேடலில் 97 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. புது இனம் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். பிளாஸ்ட் என்பது உங்கள் டிஎன்ஏ வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் இருப்பவற்றோடு ஒப்பிடும் தேடல். பூஞ்சைகளுக்குப் பொதுவான அடையாளப் பகுதி என்று 2012 இல் ஏற்கப்பட்டது ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ துண்டு. அது பெரும்பாலும் 500 முதல் 700 எழுத்து நீளம் வரும், முதல் தேடலுக்கு நல்லது. 97 என்று வந்தால் அது ஆர்வத்தைத் தூண்ட வேண்டிய எண்தான், ஆனால் முதலில் உங்கள் வரிசையின் இரண்டு ஓரத்திலும் கலங்கலான எழுத்துகள் இருக்கின்றனவா என்று குரோமேட்டோகிராமை (வரிசையின் அலைக்கோட்டுப் படத்தை) திறந்து பாருங்கள். வெட்ட வேண்டியதை வெட்டாமல் போட்டாலே இரண்டு மூன்று சதவீதம் கீழே வரும். அடுத்து, ஒத்துப்போவதாகக் காட்டுகிற அந்தப் பெயர் யார் கொடுத்தது, டைப் மாதிரியிலிருந்து (அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல மாதிரியிலிருந்து) வந்த வரிசையா என்று பாருங்கள். தப்பான பெயரோடு பதிவான வரிசைகள் அங்கே நிறைய உண்டு.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. 100 சதவீதம் ஒத்துப்போகிறது, எனவே இது நைஜர் என்று முடித்துவிடுகிறார்கள். ஆஸ்பெர்ஜில்லஸில் பல இனங்களுக்கு ஐடிஎஸ் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். அதனால் ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் கால்மோடுலின் ஜீன், பெனிசிலியத்துக்குப் பீட்டா டியூபுலின், ஃபியூசேரியத்துக்கு டெஃப்1 என்று இரண்டாவது அடையாளம் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தனி இனம்?

இத்தனை சதவீதம் என்று ஒரு கோடு கிடையாது. பூஞ்சை ஆய்வாளர்கள் இப்போது பெரும்பாலும் செய்வது, மூன்று நான்கு ஜீன்களுக்குத் தனித்தனியாக வம்ச மரம் வரைந்து பார்ப்பது. எல்லா மரத்திலும் உங்கள் பூஞ்சை ஒரே மாதிரித் தனிக் கிளையாகப் பிரிந்து நின்றால் அது மற்றவற்றோடு கலக்காமல் நெடுநாளாகத் தனியாக வாழ்ந்து வந்திருக்கிறது என்று பொருள். ஒரு மரத்தில் தனியாக, இன்னொரு மரத்தில் பழைய இனத்துக்குள் கலந்து நின்றால் இன்னும் அவை ஒரே இனம்தான். முடிந்தால் ஒரே ஒரு மாதிரியோடு நிற்காமல் வேறு வேறு ஊரிலிருந்து நான்கைந்து மாதிரி சேர்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒற்றை மாதிரியை வைத்து இனம் அறிவிக்க விதி தடுக்கவில்லை, எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அவ்வளவுதான்.

பிரிப்பது மட்டும்தான் வேலை என்றும் எண்ண வேண்டாம். நைஜர் கூட்டத்தில் பிரித்து வைத்திருந்த பல பெயர்களை மறுபடி ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று 2022 இல் ஓர் ஆய்வு வந்தது. சேர்ப்பதும் அதே அளவு உழைப்பு.

பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

மாணவர்கள் எரிச்சலோடு கேட்கிற கேள்வி, எனக்குப் புரிகிறது. ஃபிளெமிங் 1928 இல் லண்டனில் பெனிசிலின் கண்டுபிடித்த அந்தப் பூஞ்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பெனிசிலியம் ரூப்ரம் என்றார்கள், பிறகு நொட்டாட்டம், அப்புறம் கிரைசோஜீனம், கடைசியாக 2011 இல் பல ஜீன்களை ஒப்பிட்டு ரூபென்ஸ் என்று தீர்மானித்தார்கள். மருந்து ஒன்றேதான், பூஞ்சையும் ஒன்றேதான். அதைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், அந்தக் கல்ச்சரை, அதாவது வளர்த்தெடுத்த அந்தப் பூஞ்சையை, யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஒரே பூஞ்சை பாலினப் பெருக்கம் செய்யும் நிலையில் ஒரு மாதிரியும், செய்யாத நிலையில் வேறு மாதிரியும் இருப்பதால் இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். எமெரிசெல்லா நிடுலன்ஸும் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸும் ஒன்றே. 2011 இல் மெல்போர்ன் மாநாட்டில் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான் என்று முடிவெடுத்து அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

இதெல்லாம் விவசாயிக்கு எதற்கு?

இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். வேரழுகலுக்குப் போடும் ட்ரைக்கோடெர்மா விரிடி பாக்கெட் எல்லோருக்கும் தெரியும். 1999 இல் அஸ்பெரெல்லம் என்ற இனத்தைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தால், உயிரிக் கட்டுப்பாட்டுக்கு விரிடி என்று பெயர் சொல்லிப் பயன்படுத்தி வந்தவற்றில் நிறைய உண்மையில் அஸ்பெரெல்லம். எந்த இனம் என்று தெரியாமல் எந்த வெப்பநிலையில் வேலை செய்யும், எந்த மருந்தோடு ஒத்துப்போகும் என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது பட்டுப்புழு. புழு செத்து விறைத்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாகிவிடும் சுண்ணக்கட்டு நோய் நம் பக்கத்து மனைகளில் தெரிந்த நோய்தான். இத்தாலியில் பாசி என்பவர் இந்த நோய்க்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று 1835 இல் காட்டினார், நுண்ணுயிர் நோயை உண்டாக்கும் என்று விலங்கில் நிரூபித்ததில் அதுதான் முன்னோடி. அவர் பெயரால்தான் அது பவேரியா பேசியானா. 2011 இல் பவேரியாவில் ஆறு புது இனங்களை விவரித்தார்கள், அதில் சூடோபேசியானா என்பது கண்ணுக்குப் பேசியானா மாதிரியேதான் இருக்கும். நம் மனைகளில் செத்த புழுவில் இருப்பது எது என்று ஜீன் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதே பவேரியாதான் பூச்சிக்கு அடிக்கும் மருந்தாகவும் கடையில் கிடைக்கிறது, மல்பெரித் தோட்டத்துப் பக்கம் தயவுசெய்து அடிக்காதீர்கள்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, புதியதுதான். அடுத்து?

மாதிரி ஒன்றை டைப் என்று குறிக்க வேண்டும், அது உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கக் கூடாது. காய வைத்த காலனியாகவோ, உறைய வைத்து இயக்கம் நிறுத்திய கல்ச்சராகவோ ஒரு ஹெர்பேரியத்திலோ (உலர் மாதிரிக் காப்பகத்திலோ) கல்ச்சர் சேகரிப்பிலோ இருக்க வேண்டும். புனேயில் அகார்கர் ஆய்வு நிறுவனத்தில் தேசியப் பூஞ்சைக் கல்ச்சர் சேகரிப்பு இருக்கிறது, சண்டிகரில் எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பு இருக்கிறது. மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று லத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும், 2011 முடியும் வரை லத்தீன் மட்டும்தான் செல்லுபடியானது. 2013 முதல் மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம், ஃபங்கல் நேம்ஸ் ஆகிய மூன்று பெயர்ப் பதிவகங்களில் ஒன்றில் பதிவு எண் வாங்காமல் வெளியிட்டால் பெயர் செல்லாது. 2002 ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, புது இனம் கண்டவர் அரசு குறித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும், அந்தச் சட்டத்துக்கான தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். காப்புக்காட்டில் எடுப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி முதலில்.

என் பெயரை வைக்கலாமா?

விதி தடுக்காது, ஆனால் யாரும் தன் பெயரைத் தானே வைப்பதில்லை. ஊர்ப் பெயரை வையுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் தர்மபுரியென்சிஸ் என்று முடியும், பெனிசிலியம் என்றால் தர்மபுரியென்ஸே என்று முடியும், லத்தீன் பாலுக்கு ஏற்ப விகுதி மாறும்.

வீட்டில் வைத்து வளர்த்துப் பார்க்கலாமா?

மூடியைத் திறந்து மோந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் வித்து 2, 3 மைக்ரான்தான், நேராக நுரையீரலுக்குள் போகும். 2021 இல் கொரோனாவுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை (நைஜர் அல்ல, ரைசோபஸ் வகை) என்று எத்தனை பேர் கண்ணை இழந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆஸ்துமா, சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை உள்ளவர்கள் தள்ளியே இருங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் புது ஆட்டுப் புழுக்கை நாலைந்தை ஈரத்தாள் விரித்த கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, சன்னல் ஓரம் வையுங்கள். சில நாளில் பைலோபோலஸ் வந்தால், கண்ணாடித் துளி போன்ற தலையோடு வெளிச்சத்தைப் பார்த்து வளைந்து, உச்சியில் இருக்கும் கருப்பு வித்துப் பொதியைச் சுட்டுத் தள்ளும், திறந்த வெளியில் 2 மீட்டர் தூரம்கூடப் போகும். பாட்டிலைத் திறக்காமலே பார்க்கலாம்.

ஒரு கல்ச்சரை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

என்றைக்கும். பெண்ணாகரம் பக்கத்துப் புளியங்கொட்டையிலிருந்து ஒரு பெனிசிலியம் எடுத்திருந்தேன். அடிப்பக்கம் ஆழ்ந்த ஆரஞ்சு, பீட்டா டியூபுலின் எதனோடும் சரியாக ஒத்துப்போகவில்லை. இன்னும் இரண்டு ஜீன் பார்க்கலாம் என்று வைத்திருந்த விடுமுறையில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் (மைட்) தட்டுக்குத் தட்டு ஊர்ந்து, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலந்துவிட்டன. ஒரே பிரதிதான் வைத்திருந்தேன். அது புதியதா பழையதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அதே மரத்தில் மூன்று வருடம் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எதையும் மூன்று பிரதி வைக்கிறேன்: ஒன்று ஸ்லாண்டில் (ஊடகம் சாய்வாக உறைந்த குழாயில்) மினரல் ஆயில் ஊற்றி, ஒன்று தூய்மையாக்கிய தண்ணீர்க் குப்பியில் அகர்த் துண்டாக, ஒன்று வேறொரு கல்லூரியில். தண்ணீர்க் குப்பிக்கு மின்சாரமும் வேண்டாம், செலவும் இல்லை, பல பூஞ்சைகள் வருடக் கணக்கில் அதில் உயிரோடு இருக்கும்.

மாதிரி எப்படி எடுத்து வருவது?

காகித உறையில். பாலிதீன் பையில் கட்டினால் வியர்த்துப்போய், இரண்டே நாளில் ரைசோபஸ் ஏறி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். உறைமேல் பென்சிலால் தேதி, ஊர், எந்த மரம் அல்லது எந்தப் பயிர், தரையில் கிடந்ததா கிளையில் இருந்ததா என்று எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். முடிந்தால் போனில் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த அன்றைக்கே கொண்டுவந்தால் ரொம்ப நல்லது. முடியாவிட்டால் நிழலில் உலர்த்தி வையுங்கள், வெயிலில் வேண்டாம்.